திருவிருந்துக்கு மூன்று மாத்திரை

ஜெபராணி புருஷன் ஜெபசீலனின் வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தாள். தொண்டை வரை தயிராடை போல வெள்ளை அப்பியிருந்தது. மூன்று மாத்திரையும் போட்டாகிவிட்டது. முன்பெல்லாம் இரண்டாம் நாளே நாக்கு சிவந்துவிடும்.

ஜெபசீலனுக்கு எய்ட்ஸ் என்று வீட்டுக்கு வெளியே இரண்டு பேருக்குத்தான் தெரியும்: டாக்டருக்கும், அவன் அண்ணன் அப்பாத்துரைக்கும். அது தொண்ணூற்றேழாம் வருஷம். அப்பாத்துரை பாளையங்கோட்டையில் கோயில் காரியம் பார்க்கும் சேகரக் கமிட்டிக்காரர். மகள் ஃபெபிக்குச் சம்பந்தம் முடித்திருந்தார். தம்பி திருவிருந்தில் அப்பமும் ரசமும் வாங்க வராவிட்டால் ஏன் என்று கேட்பார்கள். வெள்ளை நாக்கோடு பீடத்தில் மண்டியிட்டால், ஒரே பாத்திரத்தில் குடிக்கிற சபை சும்மா இருக்காது.

பூஞ்சைக்கான மாத்திரையை இரண்டு வாரம் விடாமல் போடச் சொல்லியிருந்தார் டாக்டர் முத்துசுப்பிரமணியன். மதுரையில் வாங்கி வந்த அப்பாத்துரை அதைத் தன் பீரோவில் பூட்டிக்கொண்டார். மாதத்தின் முதல் ஞாயிறுக்கு முன்னால் மூன்றே மூன்று எடுத்துக் கொடுப்பார். ஜெபராணி கெஞ்சிப் பார்த்தாள்.

"மத்த நாள்ல இவன் வாய எவன் பாக்கான்? கல்யாணம் வரைக்கும் மாத்திரை வரணும்லா" என்றார்.

எட்டு மாதம் அப்படியே ஓடியது.

சனிக்கிழமை டாக்டர் நாக்கைப் பார்த்துவிட்டு, எத்தனை போட்டான், எப்போது போட்டான் என்று விசாரித்தார்.

"பாதியில விட்டு விட்டு பூஞ்சைக்கு மருந்தைப் பழக்கிட்டீங்கம்மா. இனி எத்தனை போட்டாலும் கேக்காது."

மதுரையில் சேர்த்து வேறு மருந்தை நரம்பில் ஏற்றினால் கஞ்சியாவது இறங்கும், இன்றைக்கே கிளம்புங்கள் என்றார். அப்பாத்துரை சம்மதிக்கவில்லை. மறுநாள் கோயிலில் ஃபெபிக்குக் கல்யாண ஓலை வாசித்து அறிவிக்கிறார்கள், மாப்பிள்ளை வீட்டார் வருகிறார்கள்.

ஞாயிறு காலை அவர் வந்து வாசல்படியிலேயே நின்றுகொண்டார். தம்பியைத் தொட மாட்டார்.

"வழி" என்றார் ஜெபராணியிடம்.

அவள் நாக்கு வழிப்பானால் வழித்தாள். ஜெபசீலன் அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டான். இன்னும் வழி என்றார். ரத்தம் வந்தது.

"செவப்பா இருந்தா ஒருத்தனும் கேக்கமாட்டான்."

பீடத்தில் ஜெபசீலன் அப்பத்தை வாங்கினான், பாத்திரத்தில் உதட்டை வைத்தான். வீட்டுக்கு வந்ததும் ஜெபராணி அவன் கன்னத்துக்குள் விரலை விட்டு அப்பத்தை வெளியே எடுத்தாள். கரையாமல் சிவப்பாக ஒட்டியிருந்தது.

பின்னாலேயே அப்பாத்துரை வந்தார். முகமெல்லாம் சந்தோஷம்.

"யாரும் பாக்கலைல்லா?"

"இல்ல அத்தான்."

"கல்யாணத்தன்னைக்கும் இப்படியே வழிச்சிரு."

கல்யாணத்துக்கு இன்னும் இருபத்திரண்டு நாள் இருந்தது. ஜெபசீலனுக்குத் தண்ணீரும் இறங்கவில்லை.