கிரஷர் சாலைக்கு ஒரு ஃபில்டர்

ஷோபனாவின் லோடு வண்டிக்கு ஒரே வருஷத்தில் இரண்டாவது முறையாக இஞ்சின் வேலை பார்த்தாயிற்று. இன்னொரு தடவை புகை கக்கினால் வண்டியை விற்பதைத் தவிர வேறு வழியில்லை. கல் கிரஷர் சாலையில் தினம் நாலு நடை ஓடும் வண்டி அது. தூசியை உள்ளே விடாத ஏர் ஃபில்டர் வாங்காமல் திரும்புவதில்லை என்ற முடிவோடுதான் செஞ்சி பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் ரங்கநாதனின் ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்கு வந்தாள்.

"இத்தப் போடும்மா, எண்ணெய் தடவுன துணி ஃபில்டர். கழுவிக் கழுவிப் போட்டுக்கலாம். வண்டி சும்மா பிச்சிக்கினு போவும்," என்றார் ரங்கநாதன்.

"நான் இன்னா ரேஸுக்கா போறேன்? துணி காத்தோட பொடித் தூசியையும் உள்ள விட்டுடும். பேப்பர் ஃபில்டரே குடுங்கண்ணா."

"அந்தப் பேப்பர்தானே உன் இஞ்சினைத் தின்னுச்சு?"

ஷோபனா பழைய ஃபில்டரைப் பையிலிருந்து எடுத்து விளக்கின் முன் பிடித்தாள். மடிப்புகளில் ஊசி குத்தியதுபோல் பத்துப் பன்னிரண்டு இடங்களில் வெளிச்சம் தெரிந்தது.

"வாரா வாரம் பஞ்சர் கடையில காத்து அடிச்சி சுத்தம் பண்ணேன். அதுல கிழிஞ்சிருக்குது. தப்பு என்னோடது. ஆமா, உங்க பைக்ல இன்னா போட்டிருக்கீங்க?"

ரங்கநாதன் தலையைச் சொறிந்தார். "பேப்பர்தான்."

"தார் ரோட்ல போறவருக்குப் பேப்பரு, புழுதியில ஓடறவளுக்குத் துணியா? நல்லா இருக்குது உங்க நியாயம்! ரெண்டு குடுங்க. இனிமே ஊதற வேலையே இல்ல, அழுக்கானா மாத்திடுவேன்."

கடை வாசலிலேயே வண்டியின் ஃபில்டர் பெட்டியைத் துடைத்து, புது ஃபில்டரின் ரப்பர் விளிம்பு சுற்றிலும் சரியாக உட்காரும்வரை விரலால் அழுத்தி மூடினாள். வண்டியைக் கிளப்பி நேராகக் கிரஷர் சாலைக்கே விட்டாள்.