ராயப்பர் கையில் இரண்டு சாவி

1968ஆம் வருஷத் தவக்காலத்தில் ஒரு சனிக்கிழமை, அடையாறு கடலில் சேரும் இடத்துக்குத் தெற்கே இருக்கும் ராயப்பர் குப்பத்துக் கோயிலில், பாவசங்கீர்த்தனத் தொட்டியிலிருந்து ஒரு நண்டு வெளியே வந்தது. தொட்டி என்றால் தண்ணீர் பிடிக்கிற தொட்டி அல்ல. ஜனங்கள் முழங்காலிட்டுத் தங்கள் பாவங்களைச் சாமியாரின் காதில் சொல்லி மன்னிப்பு வாங்கும் மரக்கூண்டுக்கு அங்கே அதுதான் பெயர். உள்ளே இருந்தவன் முந்தின நாள் சாராயம் குடித்ததைச் சொல்லி முடித்திருந்தான். சாமியார் கையை உயர்த்தி ஆசீர் கொடுத்ததும் நண்டு வந்தது. அடுத்துப் போனவள் நிறுவையில் கை வைத்தவள், அவளுக்கு இரண்டு வந்தன. சாயங்காலத்துக்குள் விஷயம் எல்லோருக்கும் விளங்கிவிட்டது. மன்னிக்கப்பட்ட பாவம் நண்டாகி, கோயில் தரையைப் பக்கவாட்டில் கடந்து, கடலைப் பார்த்த வாசல் வழியாக மணலில் இறங்கி, அலைக்குள் போய்விடும். சின்னப் பொய்க்குக் கட்டைவிரல் நகம் அளவு. ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு வராதவனுக்கு உள்ளங்கை அளவு. மாமியாரைத் திட்டியவளுக்குக் கொடுக்கு மட்டும் பெரிதாக இருக்கும். அன்று சைதாப்பேட்டை மார்க்கெட்டில் நண்டு கூறு எட்டணாவுக்கு விற்றது.

கோயிலுக்கு எதிரே டீக்கடை வைத்திருந்த பாண்டுரங்கன் வேறு மதத்துக்காரன் என்பதால், விவரம் புரியாமல் முதல் வாரம் அவற்றில் ஒரு கூடையைப் பிடித்துக் குழம்பு வைத்தான். அப்போது பெசன்ட் நகரில் வீட்டுவசதி வாரியத்து வீடுகள் எழும்பிக்கொண்டிருந்தன. அங்கே வேலை பார்த்த கொத்தனார்கள் அந்தக் குழம்பை ஊற்றிச் சாப்பிட்டுவிட்டுக் கடை பெஞ்சிலேயே உட்கார்ந்து தேம்பித் தேம்பி அழுதார்கள். கல்யாணமே ஆகாத ஒரு கொத்தனார், பெண்டாட்டியைக் கைநீட்டி அடித்துவிட்டேனே என்று தலையில் அடித்துக்கொண்டார். முனீஸ்வரன் கோயிலைத் தவிர வேறு எந்தக் கோயில் வாசலையும் மிதித்தறியாத இன்னொருவர், நாலு வாரம் பூசைக்குப் போகவில்லையே என்று கதறினார். அதன்பிறகு அந்த நண்டுகளை யாரும் பிடிக்கவில்லை. பிடிக்கக் கூடாது என்று பங்குச் சாமியார் ஞானாதிக்கமும் பிரசங்கத்தில் அறிவித்தார். அவர் நாகர்கோவில் பக்கத்துக்காரர். நம் பாவங்களை ஆண்டவர் கடலின் ஆழத்தில் வீசிவிடுவார் என்று பழைய ஏற்பாட்டிலேயே எழுதியிருக்கிறது, வீசின சாமானை மறுபடி வலை போட்டு எடுப்பது மரியாதை இல்லை என்றார்.

பிடித்தால்தானே மரியாதை இல்லை, பார்த்தால் என்ன என்று ஜனங்கள் நினைத்தார்கள். தொட்டிக்குள் யார் போகிறார்கள், எத்தனை நண்டு வருகிறது, எது யாருடையது என்று பார்ப்பதற்காகவே பூசைக்குக் கூட்டம் சேர்ந்தது. வெளியே வருகிறவன் முகத்தைப் பார்ப்பதற்கு முன்பு தரையைப் பார்த்தார்கள். சூடு சொரணை உள்ளவர்கள் பஸ் ஏறி வேறு பங்குக் கோயில்களுக்குப் போய்ப் பாவங்களைச் சொல்லிவிட்டு வந்தார்கள். அங்கேயெல்லாம் நண்டு வரவில்லை என்பதைப் பொறுக்க முடியாமல் சிலர் அந்தக் கோயில்களைப் பற்றி மட்டமாகப் பேசினார்கள்.

எங்கேயும் போகாமல் இருந்தவன் வஸ்தியான் ஒருவன்தான். நல்ல மீன்காரன், பயந்த சுபாவம். குப்பத்தில் அவன் குடும்பத்துக்கு ஒரு பெரிய உரிமை இருந்தது. பாஸ்கு என்கிற ஈஸ்டர் திருநாள் பூசையில் ‘உன்னதங்களிலே’ பாட்டு ஆரம்பித்ததும், மூங்கிலும் சாக்கும் வைத்துக் கட்டிய கல்லறைக்குப் பின்னாலிருந்து உயிர்த்த ஆண்டவர் சுரூபம் வேட்டுச் சத்தத்தோடு மேலே எழும்பும். அந்தச் சுரூபம் நிற்கும் பலகையைக் கப்பியில் கயிறு போட்டு இழுப்பது வஸ்தியானின் தாத்தா காலத்திலிருந்து அவர்கள் வேலை. ஆனால் அதற்கு ஒரு கட்டுப்பாடு உண்டு. கயிற்றைத் தொடுகிறவன் அதற்குமுன் சொந்தக் கோயில் தொட்டியில், சொந்த ஜனங்கள் பார்க்க, பாவசங்கீர்த்தனம் செய்திருக்க வேண்டும். 1968இல் வஸ்தியான் செய்யவில்லை. கயிறு கைமாறியது. அடுத்த வருஷமும் செய்யவில்லை. பாஸ்கு அன்று அவன் கோயிலுக்கு வெளியே மணலில் நின்றுகொண்டு, பாட்டு கேட்டதும் தன்னையறியாமல் காற்றைப் பிடித்துக் கீழே இழுத்துக்கொண்டிருப்பான். பார்க்கப் பாவமாக இருக்கும்.

இவ்வளவு மறைக்கிறான் என்றால் அது சாதாரண நண்டாக இருக்காது என்று குப்பம் முடிவு கட்டியது. கள்ளக்கடத்தல் வாட்ச் என்றார்கள். மேற்கு மாம்பலத்தில் இரண்டாவது குடும்பம் என்றார்கள். கோயில் வாசலை இடிக்காமல் அந்த நண்டு வெளியே போக முடியாது என்று மிகுந்த அக்கறையோடு வாசலை அளந்து பார்த்தவர்களும் உண்டு.

விஷயம் அதெல்லாம் இல்லை. 1967 ஜூனில், ஆண்டவரின் முதல் சீஷரான ராயப்பரின் திருநாளன்று, சுரூபத்தைப் படகில் ஏற்றிக் கடலில் பவனி போனபோது, ராயப்பரின் கையிலிருந்த மோட்சத்தின் வெள்ளிச் சாவி நழுவித் தண்ணீரில் விழுந்துவிட்டது. சுரூபத்தைப் பிடித்துக்கொண்டிருந்தவன் வஸ்தியான். அவன் அந்த நேரம் பீடி பற்ற வைத்துக்கொண்டிருந்தான். வேறு யாரும் கவனிக்கவில்லை. அன்று மத்தியானமே தன் மனைவி லூர்துமேரியின் டிரங்குப் பெட்டிச் சாவியை எடுத்து, வெள்ளிப் பெயின்ட் அடித்து, ராயப்பரின் கையில் செப்புக் கம்பியால் கட்டிவிட்டான். பாவத்தைச் சொல்லாமல் தானத்தால் சரிக்கட்டிவிடலாம் என்று எண்ணி, கறையான் அரித்த பழைய தொட்டிக்குப் பதிலாகப் புதிது செய்யத் தன் அப்பாவின் படகையும் பிரித்துக் கொடுத்தான். நண்டு வந்தது அந்தப் பலகையில் செய்த தொட்டியிலிருந்துதான். அவனுக்கு வேண்டியதுதான் என்று சொல்லலாம்.

டிரங்குப் பெட்டியில் லூர்துமேரியின் கல்யாணப் பட்டு இருந்தது. அதை ஒரு விசேஷத்துக்கு இரவல் கேட்டு, கிடைக்காமல் முகத்தைத் தூக்கிக்கொண்டு போனவள் எதிர்வீட்டில் வாழ்க்கைப்பட்டிருந்த அவளுடைய தங்கை அந்தோணியம்மாள். சாவி காணாமல் போனது அதற்கு மறுவாரம். லூர்துமேரிக்கு வேறு சாட்சி தேவைப்படவில்லை. தெருவே கூடும்படி தங்கையைத் திருடி என்றாள். பூட்டை உடைக்கலாமே என்றவர்களிடம், “எட்தவளே கொண்டாந்து தொறக்கட்டும், அது வரிக்கும் பட்டும் வாணாம் ஒண்ணும் வாணாம்” என்றாள். ஆறேழு வருஷம் பாஸ்குக்கு நூல் சேலை கட்டிக்கொண்டே வந்தாள். அக்காவும் தங்கையும் சைதாப்பேட்டையில் ஒரே மரத்தடியில் முதுகோடு முதுகு காட்டி உட்கார்ந்து மீன் விற்றார்கள். வஸ்தியான் இரண்டு முதுகுகளையும் பார்த்துக்கொண்டு கூடை இறக்குவான். சோறு இறங்காது.

கயிறு கைமாறியதிலிருந்து ஆண்டவர் ஒழுங்காக எழும்பவில்லை. ஒரு வருஷம் சாய்ந்தபடி வந்தார். இன்னொரு வருஷம் இடுப்பு வரைக்கும் வந்து நின்றுவிட்டார். சாமியார் அந்த அளவுக்கே தூபம் காட்டினார். 1974இல் வரவே இல்லை. ஆறு பேர் சேர்ந்து இழுத்தும் கயிறு அசையவில்லை, கப்பியில் எண்ணெய் விட்டும் பயனில்லை. வேட்டு மட்டும் வெடித்து முடிந்தது. ஜனங்கள் வீட்டுக்குப் போய்த் தவக்காலத்தைத் தொடர்ந்தார்கள். ஒருவரும் கறி வாங்கவில்லை. ஆண்டவர் உலகம் பூராவும் உயிர்த்துவிட்டார் என்று சாமியார் எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். “மத்த எடத்துல எந்திரிச்சிட்டாரு சாமி, இங்க எந்திரிக்கலியே” என்று மரியாதையாகப் பதில் வந்தது. புதன்கிழமை சைதாப்பேட்டைக் கறிக்கடைக்காரர் ஷாஹுல் ஹமீது சைக்கிளில் வந்து சாமியாரைப் பார்த்தார்.

“ஃபாதர், தப்பா நெனக்காதீங்க. உங்க சாமி என்னிக்கு எந்திரிப்பாருன்னு ஒரு தேதி சொன்னீங்கன்னா தேவல. பண்டிகைக்குன்னு புட்ச்சி கட்ன ஆடு, தின்னுகினே கீது.”

சாமியார் நேரே டீக்கடைக்குப் போய் வஸ்தியான் பக்கத்தில் உட்கார்ந்தார். அவனுடைய பாவம் என்னவென்று அவருக்குத் தெரியாது.

“வஸ்தியான், ஒன் நண்டு எவ்வளவு பெருசானாலும் கடலு அதவிடப் பெருசு டே.”

“கடலாண்ட பயம் இல்ல சாமி” என்றான் வஸ்தியான். “ஊட்டுக்காரியாண்டதான்.”

சாமியார் டீயைக் குடித்துவிட்டு எழுந்து போனார். ஆனால் பாஸ்குக்கு அடுத்த ஞாயிறு காலையில், யாருடைய பாவங்களை மன்னிப்பீர்களோ அவை மன்னிக்கப்படும் என்று ஆண்டவர் சீஷர்களிடம் சொன்ன சுவிசேஷத்தை வாசித்து முடித்ததும், பிரசங்கம் செய்யாமல் ஒரு கட்டளை போட்டார். இனிமேல் தொட்டியில் ஒருவன் முழங்காலிட்டால் கோயிலில் இருக்கிற அத்தனை பேரும் தரைக்கும் கடலுக்கும் முதுகைக் காட்டிக்கொண்டு பீடத்தைப் பார்த்து நிற்க வேண்டும். ஆண்டவர் பார்க்காமல் வீசுகிறதை நீங்கள் என்ன பார்ப்பது என்று கேட்டார். பிறகு போய்த் தொட்டியில் உட்கார்ந்துகொண்டார். ஜனங்கள் பீடத்தைப் பார்த்துத் திரும்பினார்கள். மணலில் நின்றிருந்த வஸ்தியான் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு உள்ளே வந்தான்.

ராயப்பர் குப்பத்து வரலாற்றில் அதைப் போன்ற வீரச்செயல் முன்னும் இல்லை, பின்னும் இல்லை. ஆறேழு வருஷமாக எதைப் பார்க்கக் காத்திருந்தார்களோ அது முதுகுக்குப் பின்னால் நடந்துகொண்டிருக்க, ஒருவரும் திரும்பவில்லை. முதலில் நண்டு நடக்கும் சத்தம் கேட்டது. கூடவே சிமென்ட் தரையில் இரும்போ வெள்ளியோ உரசும் சத்தமும் கேட்டது. பலருக்குக் கழுத்து நரம்பு புடைத்துக்கொண்டது. ஒரு கிழவர் கண்ணை மூடிக்கொண்டு பரலோக மந்திரத்தைப் பாதியிலிருந்து சொன்னார். சத்தம் கடல் பக்கம் போகாமல் பெண்கள் பக்கம் வந்தது. எல்லோரையும் தாண்டி லூர்துமேரியின் காலடியில் நின்றது. அவளும் திரும்பவில்லை, குனியவும் இல்லை. நண்டு சிறிது நேரம் பார்த்துவிட்டு, அவள் சுண்டுவிரலைக் கிள்ளியது.

லூர்துமேரி குனிந்து பார்த்தாள். நண்டு சுமாரான அளவுதான், கூறில் சேர்த்து விற்கிற ரகம். அதன் கொடுக்கில் பாசி படிந்த வெள்ளிச் சாவி இருந்தது. கடலில் காணாமல் போன சிலுவையைப் புனித சவேரியாருக்குக் கொண்டுவந்து கொடுத்த நண்டைப் பற்றிச் சின்ன வயதிலிருந்து கேட்டிருந்ததால் அவள் அதிசயப்படவில்லை. ராயப்பர் சாவி இங்கே இருந்தால் ராயப்பர் கையில் இருப்பது எது என்றுதான் யோசித்தாள். நிமிர்ந்து பார்த்தாள். பெயின்ட் உதிர்ந்த இடத்தில் தன் டிரங்குப் பெட்டிச் சாவியின் வளைந்த பல் அவளுக்குத் தெரிந்தது. ஆறேழு வருஷமாக ஒவ்வொரு ஞாயிறும் அந்தச் சாவிக்கு நேர் எதிரே முழங்காலிட்டுத்தான், என் சாவியை எடுத்தவளைக் காட்டிக்கொடு ராயப்பரே என்று அவள் கண்ணீர் விட்டு மன்றாடியிருந்தாள். அவரும் கையை நீட்டிக் காட்டிக்கொண்டேதான் இருந்திருக்கிறார்.

அவள் கோபப்பட்டிருந்தால் யாரும் தப்பு சொல்லியிருக்க மாட்டார்கள். கோபமும் வந்தது. தொட்டியைப் பார்த்து இரண்டடி எடுத்து வைத்தாள். ஆனால் வழியில் அந்தோணியம்மாளின் முதுகு இருந்தது. சந்தையில் தினமும் தன் முதுகோடு ஒட்டி இருந்த முதுகு. அதை அவள் அவ்வளவு வருஷமும் பார்த்ததில்லை. ரவிக்கை தோளில் ஒட்டுப் போட்டிருந்தது.

“அந்தோணி, திரும்பாத. அப்டியே நின்னுகினு கேளு. சாவி கெட்ச்சிச்சி. நீ எடுக்கல.”

“நான் எடுக்கலன்னு எனக்கு அன்னிக்கே தெரியுமே” என்றாள் அந்தோணியம்மாள், திரும்பாமல். தோள் குலுங்கிற்று.

வஸ்தியான் தொட்டியை விட்டு வெளியே வந்து, மனைவி தன்னைப் பார்த்துக்கொண்டு நிற்பதைக் கண்டு, திரும்பவும் உள்ளே போகப் பார்த்தான். லூர்துமேரி அவனைத் தோளைப் பிடித்து நகர்த்தினாள். “நீ போய் கவுத்த இழுய்யா. ஊரே பட்னியா கீது” என்று சொல்லிவிட்டு, அவன் முழங்காலிட்ட இடத்தில் அவளே முழங்காலிட்டாள். தங்கையைத் திருடி என்றதை அழுதுகொண்டே சொன்னாள். அவளுக்கு வந்த நண்டு அவள் புருஷனுடையதைப் போல் மூன்று மடங்கு. கோயிலில் யாரும் பார்க்கவில்லை. ஆனால் பாண்டுரங்கன் பங்கு ஜனம் அல்ல என்பதால் சாமியாரின் கட்டளை அவனைக் கட்டுப்படுத்தாது. அவன் கடையிலிருந்து நன்றாகப் பார்த்தான். யாருடையது எது என்று கேட்டவர்களுக்கு அவன் கடைசிவரை சொல்லவில்லை. “சின்னது வாசலாண்ட நின்னுகினு இருந்திச்சி நைனா, பெர்சு வந்தப்பறம் ரெண்டும் ஜோடியா போச்சு” என்பதோடு நிறுத்திக்கொண்டான்.

வஸ்தியான் கயிற்றை ஒரே இழுப்பில் இழுத்தான். ஆண்டவர் நேராக, முழுசாக, வருஷக்கணக்கில் சேர்ந்த தூசி பறக்க எழுந்தார். வேட்டு மிச்சம் இல்லாததால் ஜனங்கள் கைதட்டினார்கள். அந்தோணியம்மாள் திரும்பலாமா சாமி என்று கேட்டுவிட்டுத் திரும்பினாள். ஷாஹுல் ஹமீது கடையில் அன்று பத்து மணிக்கெல்லாம் கறி தீர்ந்துவிட்டது.

அதிலிருந்து ராயப்பர் குப்பத்தில் பாஸ்கு ஒரு வாரம் தள்ளித்தான் வருகிறது. ஆயர் இருக்கும் மேற்றிராசனத்துக்கு இதை யாரும் எழுதவில்லை. நண்டுகள் இன்னும் வருகின்றன. சத்தம் கேட்டதும் குழந்தைகள்கூடத் தானாகத் திரும்பி நின்றுகொள்ளும். வெள்ளிச் சாவி ராயப்பரின் கைக்குத் திரும்பிவிட்டது. டிரங்குப் பெட்டிச் சாவியைக் கழற்றிக் கொடுக்கச் சாமியார் ஸ்டூலில் ஏறியபோது லூர்துமேரி வேண்டாம் என்று தடுத்தாள். “அங்கயே இருக்கட்டும் சாமி. ஊட்ல திருடன் கீறான்.” ரோமாபுரியிலும் ராயப்பருக்கு இரண்டு சாவி உண்டு என்று சாமியாரும் ஒரு காலண்டர் படத்தைப் பார்த்துத் திருப்திப்பட்டுக்கொண்டார். வருஷா வருஷம் பாஸ்குக்கு முந்தின நாள் லூர்துமேரி ராயப்பரிடம் சாவியை வாங்கிக்கொண்டு போய்ப் பெட்டியைத் திறப்பாள். பட்டு ஒன்றுதான். ஒரு வருஷம் அக்கா கட்டுவாள், ஒரு வருஷம் தங்கை கட்டுவாள். திங்கட்கிழமை காலையில், அந்த வருஷம் கட்டியவள் ஸ்டூலில் ஏறிச் சாவியை அவர் கையில் மாட்டிவிட்டு, மீன் கூடையைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸுக்குப் போவாள்.