மீரா உசேனின் வலது கண்ணை நான் பறிக்கப் பார்த்த கதை

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இது நானாக யோசித்த கதை இல்லை. திருத்துறைப்பூண்டியில் எனக்குக் காய்ச்சல் ஊசி போட்ட டாக்டர் தமிழ்நிலா, நான் பயந்து முகத்தைத் திருப்பிக்கொண்டதைப் பார்த்து, என் கவனத்தைத் திருப்பச் சொன்னது. நானோ சோகக் கதை எழுதிப் பெயர் வாங்கியவன். வீட்டுக்கு வந்ததும் ஆரம்பித்தேன்:

"இருள் மெல்லக் கவிந்த அந்த மாலையில், மீரா உசேனின் வலது கண்..."

[அடித்துவிட்டேன். நடந்தது காலை பதினோரு மணிக்கு. மண்டையைப் பிளக்கிற வெயில்.]

2

குறுவை அறுப்பு நேரம். 2011. அறுப்புக் காலத்தில் தமிழ்நிலா வேலை பார்த்த அவசரப் பிரிவுக்குக் கண்ணில் நெல் சுணை விழுந்தவர்கள் வந்தபடியே இருப்பார்கள். அம்மா காத்தாயி நடவு நட்டுப் படிக்கவைத்த பெண் அவள். சுணை விழுந்த கண்ணை வாசலிலேயே கண்டுபிடித்துவிடுவாள். மீரா உசேனின் கண் அப்படி இல்லை. சிவப்பே இல்லை.

அவரைத் தள்ளாத குறையாக அழைத்து வந்தவர் மனைவி ஹமீதா பானு.

"ஒண்ணுமில்லைங்க, தூசி" என்றார் மீரா உசேன். ஷார்ஜாவில் கிரேன் ஓட்டுகிறவர். இரண்டு மாத லீவு முடிந்து மறுநாள் திருச்சியில் விமானம் ஏற வேண்டும்.

"தூசியாம் தூசி! நேத்துலேருந்து மின்னல் வெட்டுதுன்னு சொன்னது யாரு?"

தமிழ்நிலா அவரது இடது கண்ணைப் பொத்தி, சுவரில் மாட்டியிருந்த எழுத்து அட்டையைப் படிக்கச் சொன்னாள். மனிதர் மூச்சுவிடாமல், கடைசி வரி வரைக்கும், ஒரு எழுத்துப் பிசகாமல் ஒப்பித்தார்.

ஹமீதா பானு இடுப்பில் கை வைத்தார். "டாக்டரம்மா, அதை நம்பாதீங்க. மெடிக்கல்ல அன்ஃபிட் ஆயிரக்கூடாதுன்னு இவங்க செட்டே அந்த அட்டையை மனப்பாடம் பண்ணி வச்சிருக்கு."

தமிழ்நிலா சத்தமில்லாமல் அட்டையைத் திருப்பி மாட்டினாள். மறுபக்கம் தமிழ் எழுத்து. "இன்னொரு தடவை படிங்க."

அவர் அதே ஆங்கில எழுத்துகளை அதே வேகத்தில் ஒப்பித்தார்.

3

[இங்கே பேனாவை வைத்துவிட்டேன். தன் கண்ணைத் தானே ஏமாற்றும் ஆளை வாசகர் நம்புவாரா? டாக்டரையே கேட்டேன். "சார், பதினஞ்சு வருஷமா வெளிநாட்டுல இருக்கிற மனுசனுக்கு வேலை போயிடுமோங்கிற பயம். நீங்க நம்பலைன்னா போங்க" என்றாள். நம்பிவிட்டேன்.]

4

"இப்ப நெசத்தைச் சொல்லுங்க."

மீரா உசேனின் குரல் இறங்கிவிட்டது. "கீழேருந்து கறுப்புத் தண்ணி ஏறுற மாதிரி இருக்கும்மா. வயல்ல தண்ணி ஏறுமே, அது மாதிரி."

தமிழ்நிலா விளக்கடித்துப் பார்த்தாள், உள்ளே கொஞ்சம் ரத்தம் கசிந்திருந்ததால் கண்ணின் பின்பக்கம் தெரியவில்லை. விபத்தில் வருகிறவர்களின் வயிற்றைப் பார்க்க வைத்திருந்த சிறிய ஸ்கேன் மெஷினைக் கட்டிலோரம் உருட்டி வந்தாள்.

"ஸ்கேனா? நான் என்ன புள்ளத்தாச்சியா?"

"பேசாமப் படுங்க மச்சான்!"

தமிழ்நிலா மூடிய இமை மேல் ஜெல்லைக் கொட்டினாள். அழுத்தம் விழாதபடி விரலைக் கன்னத்து எலும்பில் ஊன்றிக்கொண்டு கருவியை வைத்தாள். திரையில் கறுப்பாக ஒரு வட்டம். "கண்ணை மூடினபடியே லெஃப்ட்ல பாருங்க... ரைட்ல..." வட்டத்துக்குள் வெள்ளையாக ஒரு இழை அசைந்தது. மழையில் மேல்பக்கம் பிய்ந்து தொங்கும் சினிமா போஸ்டர் மாதிரி. விழித்திரை மேலிருந்து கழன்று வருகிறது. ஆனால் கூர்மையாகப் பார்க்க உதவும் நடுப்பகுதி? மூச்சைப் பிடித்துக்கொண்டு கருவியைச் சாய்த்துப் பார்த்தாள்.

ஒட்டியிருந்தது!

(அடிக்குறிப்பாகப் போட வேண்டியது: இந்த இடத்தில் டாக்டர் என் கையைப் பிடித்துக் குலுக்கினாள். ஊசி போட்ட கை. உயிர் போய்விட்டது.)

"நடு இன்னும் ஒட்டியிருக்குங்க. நாளைக்கே தஞ்சாவூர்ல ஆபரேஷன் பண்ணா பார்வையைக் காப்பாத்தலாம். நாளைக்குப் பிளேன் ஏறினீங்கன்னா எனக்கு உத்தரவாதம் கிடையாது."

"விசா?"

மீரா உசேன் நிமிர்ந்து படுத்தபடி காற்றாடியையே பார்த்தார். பிறகு மெதுவாக, "ஒத்தக் கண்ணோட கிரேன்ல ஏத்துவானாம்மா?" என்றார்.

"ஏத்த மாட்டாங்க."

"அப்பத் தஞ்சாவூருக்குச் சொல்லுங்க."

5

கதையின் முதல் வரைவில் நான் அவரை விமானத்தில் ஏற்றினேன். அரபிக் கடலுக்கு மேலே கண் அணைகிறது. அருமையான நடை, நானே அழுதேன். படித்துவிட்டு டாக்டர் தாளைத் திருப்பிக் கொடுத்தாள். "நாங்க காப்பாத்தின கண்ணை நீங்க ஏன் சார் பிடுங்குறீங்க?"

இரண்டாவது வரைவில் அவர் ஊரிலேயே தங்கி விவசாயம்... [வேண்டாம். அவருக்கு நிலமே கிடையாது.]

ஆக, நடந்ததையே எழுதுகிறேன். ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. விழித்திரை ஒட்டுவதற்காகக் கண்ணுக்குள் வாயு அடைத்திருந்ததால் அது கரைகிற வரை விமானமே ஏறக்கூடாது என்றார்கள். விசா காலாவதியானது. இரண்டு மாதம் கழித்து மனிதர் தமிழ்நிலாவிடம் வந்து, வலது கண்ணால் மட்டும் மனைவியைப் பார்த்தார்.

"என்ன தெரியுது?"

"எல்லாந்தான். மூக்குத்தி கல்லு ஒண்ணு விழுந்திருக்கு. எப்பலேருந்து?"

"அது விழுந்து ஆறு வருசமாச்சு" என்று சொல்லிவிட்டு ஹமீதா பானு சிரித்த சிரிப்பில் அடுத்த அறை நர்ஸ் எட்டிப் பார்த்தாளாம். சிரித்துக்கொண்டே முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாராம்.

6

அந்த நேரம் பார்த்து மீரா உசேனின் செல்போன் அடிக்கிறது. ஷார்ஜா நம்பர். புது விசாவாகத்தான் இருக்க வேண்டும்.

எடுப்பாரா? போவாரா? நான் பேனாவைத் திறந்து, ஒரு உருக்கமான பத்திக்குத் தயாராகிறேன்.

"எடுத்துப் பேசுங்க மச்சான்" என்கிறார் ஹமீதா பானு. "போறதா வேணாமான்னு வீட்டுக்குப் போய் நாம ரெண்டு பேரும் பேசிக்குவோம்." பிறகு தாளுக்குள்ளிருந்து என் பக்கம் திரும்புகிறார். "இந்த ஆளு முன்னாடி வேண்டாம்."