பங்குச்சாமியார் கொடுத்த கடிதம்

மீன் வாங்கும்போது செவுளைத் திறந்து பார்க்கத் தெரியாதவன் என்று என் மனைவி பிலோமி என்னைத் திட்டினாள். “பாரைன்னு சொன்னா போதும், அப்படியே பையில வாங்கிப் போட்டுக்கிட்டு வந்துருவிய. கண்ணு கலங்கிக் கெடக்கு பாருங்க,” என்றாள். நிறைமாதம். குனிய முடியாமல் பலகையில் உட்கார்ந்துதான் அந்த மீனை அறுத்தாள். மத்தியானம் வலி கண்டது.

அது 1974. புன்னைக்காயலுக்கு வடக்கே எங்கள் கடற்கரை ஊரில் ஊர்க்கமிட்டி நடத்திய சின்ன ஆஸ்பத்திரியில் நான் கிளார்க். டாக்டர் தேவதாசன் கொழும்பிலிருந்து வந்து மூன்று வாரம் ஆகியிருந்தது. சான்றிதழ்கள் இருக்கும் பெட்டி கப்பலில் பின்னால் வருகிறது என்று சொல்லி, சென்னை மருத்துவக் கவுன்சிலின் பதிவு எண் என்று ஒன்றை மட்டும் எழுதிக் கொடுத்தார். கூடவே அங்குள்ள மாதாகோயில் பங்குச்சாமியாரின் கடிதம். எங்கள் ஊரில் சம்பந்தம் பேசுவதற்கும் ஆளை வேலைக்கு எடுப்பதற்கும் அந்தக் கடிதம் இருந்தால் வேறெதுவும் கேட்க மாட்டார்கள்.

“சென்னைக்கு எழுதி நம்பரை விசாரிச்சிட்டு எடுப்போம் அண்ணாச்சி,” என்று கமிட்டிக் காரியதரிசி ஹென்றியிடம் சொன்னேன்.

“ஏலே அம்புரோஸ், சாமியாரையே சந்தேகப்படுதியா? எழுதிப் போடு. பதில் வார வரைக்கும் நோயாளியெல்லாம் மூச்சப் பிடிச்சிக்கிட்டு இருக்கணுமாக்கும்?”

கமிட்டியே சிரித்தது. நானும் சிரித்தேன். எழுதினேன். பதில் வரவில்லை.

பிலோமிக்கு வலி கண்ட அன்று சாயங்காலம் பிரசவ அறையிலிருந்து நர்ஸ் கிருபை வெளியே வந்தாள். “அண்ணே, பிள்ள போயிட்டு. ரத்தம் நிக்கல. டாக்டரு என்னப் பாத்து ‘என்ன செய்ய’ங்காரு. தூத்துக்குடிக்கு வண்டி பாருங்க.”

ஹென்றியின் வீட்டுக்கு ஓடினேன். கார் ஆத்தூர் போயிருந்தது. வேறொரு வண்டியோடு நான் திரும்பியபோது பிலோமியின் முகத்தை மூடியிருந்தார்கள்.

பதினோராம் நாள் சென்னையிலிருந்து பதில் வந்தது. அந்த எண் கோயம்புத்தூரில் இருக்கும் ஒரு பெண் டாக்டருடையது. தேவதாசன் அதற்கு முன்பே பஸ் ஏறிவிட்டார்.

“சாமியாரு பொய் எழுதுவாரால?” என்றார் ஹென்றி. என் முகத்தைப் பார்க்கவில்லை.

சாமியார் கடிதத்தை எடுத்துப் படித்தேன். ஞாயிறு தவறாமல் பூசைக்கு வருபவர், குடிப்பழக்கம் இல்லாதவர், நல்ல குடும்பம். பொய்யாக ஒரு வரி இல்லை. அவர் டாக்டர் என்றும் ஒரு வரி இல்லை. அதைக் கமிட்டிக்காரர்களும் நானுமாக ஆறு பேர் படித்திருந்தோம்.

ஊழியர் பதிவேடு இன்னும் அந்த ஆஸ்பத்திரி அலமாரியில் இருக்கிறது. ‘தகுதி சரிபார்க்கப்பட்டதா’ என்ற கட்டத்தில், தேவதாசன் பெயருக்கு நேரே, என் கையெழுத்தில் ‘ஆம்’ என்றிருக்கிறது.