கண்டக்டரின் கட்டை விரல்

ரிட்டயர்டு கண்டக்டரின் ஒரே மகளுக்குப் படங்களுக்குப் பொட்டு வைக்கும் வேலை. இணையத்தில் ஒருத்தி சோபாவில் சாய்ந்து காபி குடிக்கிறாள் என்றால், கோப்பையில் ஒரு வெள்ளைப் பொட்டு, சோபாவில் ஒரு வெள்ளைப் பொட்டு. விரலால் தொட்டால் அந்தச் சாமானை விற்கும் கடையின் விளம்பரம் எட்டிப் பார்க்கும். மாதக் கடைசிக்குள் அவள் பொட்டுகளுக்கு ஐயாயிரம் தொடுதல் விழுந்தால்தான் வேலை நிரந்தரம்.

"ஐயாயிரம்தானே? ஒரே டிரிப்புல முடிச்சிடலாம்!" என்றார் கண்டக்டர், மனைவியிடம் மட்டும்.

முப்பது வருஷம் டிக்கெட் கிழித்த கட்டை விரல் சும்மா இருக்குமா? பல் தேய்க்கும்போது தொட்டார். தும்மலுக்கும் தும்மலுக்கும் நடுவில் தொட்டார். போன் இஸ்திரிப் பெட்டி மாதிரி கொதித்தது. அதில் ஒரு வேட்டியையே தேய்த்திருக்கலாம்.

நான்காம் நாள் மகள் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு வந்தாள்.

"அப்பா, நான் மிஷின் வச்சுத் திருட்டுத்தனமா தொட வைக்கறேனாம். ஒரே போன்லேருந்து மூவாயிரம்!"

"மிஷினா? என்னையா சொன்னாங்க?" மனுஷனுக்குப் பாதி கோபம், பாதி பெருமை.

மறுநாள் காலை மகளின் ஆபீசில் போய் நின்றார். போட்டிருந்த சட்டை, தொடுகிற வேகத்தில் கைதவறி வாங்கியது. கிளிப்பச்சையில் மஞ்சள் பூ; உள்ளே இன்னொரு கண்டக்டரைக் குடிவைக்கலாம். மேனேஜரம்மா முன்னால் ஒரே ஒரு நிமிஷம் தொட்டுக் காட்டினார். மின்விசிறியே வெட்கப்பட்டு நின்றது.

"நீங்க மிஷின் இல்ல, ஒத்துக்கறேன் சார்," என்றாள் மேனேஜரம்மா, சிரிப்பை மென்று விழுங்கிக்கொண்டு. "பொண்ணு மேலயும் தப்பில்ல. ஆனா உங்க மூவாயிரத்தைக் கழிச்சிடுவேன். இனிமே தொடவே கூடாது."

கழித்தால் மிச்சம் ஆயிரத்துச் சொச்சம். இருப்பதோ இரண்டே நாள்.

"நானே உன் வேலைக்கு உலை வச்சிட்டேனேம்மா!"

மகள் அவரை மேலும் கீழும் பார்த்தாள். "அப்பா, அசையாம அப்படியே நில்லுங்க." படம் பிடித்தாள். மேனேஜரம்மாவிடம் சம்மதம் வாங்கி, சட்டையில் ஒரு பொட்டு வைத்து இணையத்தில் ஏற்றினாள்.

'இப்படி ஒரு சட்டையை நிஜமாகவே விற்கிறார்களா?' என்று நம்பாதவன் தொட்டான். நம்பியவனும் தொட்டான்.

வீட்டில் கண்டக்டருக்கு இருப்புக் கொள்ளவில்லை. "என் படம்டி! ஒரே ஒரு தடவை தொட்டுக்கறேனே!"

"சும்மா இருங்க! பண்ணினது போதாதா?" மனைவி அவர் கட்டை விரலைத் தன் உள்ளங்கைக்குள் இறுக்கிக்கொண்டாள்.

மறுநாள் சாயங்காலம், ஐயாயிரம் தாண்டிவிட்டது என்று மகள் போன் பண்ணினாள். அதற்கப்புறமும் மனைவி அவர் விரலை விடவில்லை, அவரும் விடச் சொல்லிக் கேட்கவில்லை.