வாக்குவாதத்தில் எரிந்த விளக்கு

அந்தத் தெருவின் கம்ப்யூட்டர் ரிப்பேர்க் கடையில் விளக்குகள் வாக்குவாதத்தில் எரியத் தொடங்கியது ஒரு செவ்வாய்க்கிழமை, மதியச் சாப்பாட்டு நேரத்தில். தெருமுனை டிரான்ஸ்ஃபார்மர் வெடித்து எல்லாக் கடைகளும் இருண்டு கிடந்தன. ரிப்பேர்க் கடையில் மட்டும் டியூப்லைட் எரிந்தது, மின்விசிறி சுற்றியது, பேட்டரி கழற்றப்பட்டு மேசையில் கிடந்த லேப்டாப் ஒன்று தானாக எழுந்து பாஸ்வேர்டு கேட்டது. உள்ளே நின்ற இரண்டு ஆண்களும் இதைக் கவனிக்கவில்லை. அவர்களுக்கு அதைவிடப் பெரிய வேலை இருந்தது. எந்த இயங்குதளம் உசத்தி என்று அடித்துக்கொண்டிருந்தார்கள்.

ஒருவர் கடைக்காரர். சட்டைப்பையில் எப்போதும் ஒரு திருப்புளி செருகியிருப்பதால் தெரு அவரைத் திருப்புளி என்றே கூப்பிட்டது. லினக்ஸ் கட்சி. ரிப்பேருக்கு வரும் எந்தக் கிழட்டு லேப்டாப்பிலும் இலவசமாக லினக்ஸை ஏற்றிக் கொடுத்துவிட்டு, ஒரு உயிரைக் காப்பாற்றிய முகத்தோடு நிற்பார். மற்றவர் அவருடைய மனைவியின் அண்ணன், அடுத்த தெரு இன்ஷூரன்ஸ் அலுவலகத்தில் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்பவர். மவுஸுக்கு அடியில் வைக்கும் அட்டையைக்கூட பில்லோடு வாங்குகிறவர் என்பதால் அவருக்கு ஒரிஜினல் என்று பெயர். விண்டோஸ் கட்சி. தினமும் மதியம் சாப்பாட்டு டப்பாவோடு தங்கை கடைக்கு வருவார். டப்பாவைத் திறப்பதற்கு முன்பே சண்டை திறந்துவிடும்.

“பிரச்சினைன்னா கூப்பிட எனக்கு ஒரு நம்பர் இருக்கு மாப்ள. உனக்கு யாரு இருக்கா?”

“உலகமே இருக்கு மச்சான். நம்பர் இருக்குன்னு சொல்றீங்களே, என்னைக்காவது யாராவது எடுத்திருக்காங்களா?”

முன்மேசையில் உட்கார்ந்து, வரும் மிஷின்களுக்குச் சீட்டு ஒட்டுவதும் முடிந்ததைத் திருப்பிக் கொடுப்பதும் திருப்புளியின் மனைவி. அவளுக்குத் தெரு வைத்த பெயர் சமாதானம். யார் எங்கே முறைத்துக்கொண்டாலும் நடுவில் போய் நின்று ஆற்றிவிடுவாள். வெடிச்சத்தம் கேட்டதும் மெயின் சுவிட்சைக் கீழே இழுத்துவிட்டவளும் அவள்தான். இழுத்த சுவிட்ச் இழுத்தபடி இருக்க, தலைக்குமேல் மின்விசிறி சுற்றுவதைக் கண்டு சுவிட்சை இன்னொரு முறை இழுத்துப் பார்த்தாள். பிறகு பழக்க தோஷத்தில், “சரி விடுங்க, ரெண்டுமே நல்லதுதான், சாப்பிடுங்க” என்றாள். இருவரும் பேச்சை நிறுத்தி டப்பாவைத் திறந்தார்கள். விளக்கு அணைந்தது. ஒரிஜினல் இருட்டில் குழம்புக்குள் கையை விட்டுவிட்டு, “இதே என் ஆபீஸா இருந்தா...” என்று ஆரம்பித்தார். விளக்கு வந்தது.

கடையிலிருந்து வயர் இழுத்துக்கொண்டு, சில வாரங்களிலேயே தெரு இந்த மின்சாரத்தின் குணம் குற்றம் எல்லாவற்றையும் கற்றுக்கொண்டது. அரசியல் பேசினால் பல்பு கண்கூடச் சிமிட்டாது. சினிமா பேசினால் லேசாகப் புகை வாசனை வரும், அவ்வளவுதான். சாஃப்ட்வேர் பேசினால்தான் ஓடும். எந்த பிரவுசர் வேகம் என்ற பேச்சு ஒரு மின்விசிறிக்குப் போதும். ஃபோன் பேட்டரியை நாமே கழற்ற முடிய வேண்டுமா கூடாதா என்று தொடங்கினால் தையற்கடையின் எல்லா மிஷின்களும் ஓடும். நம் கோப்புகளை நம் வீட்டில் வைப்பதா, கண்ணுக்குத் தெரியாத ஒரு கம்பெனியின் கிளவுடில் வைப்பதா என்று வந்துவிட்டாலோ, ஐஸ்கிரீம் கடைக்காரர் ஸ்வெட்டர் தேடுவார். வசவு கலந்தால் ஃப்யூஸ் போய்விடும். நடிப்பும் செல்லாது. தையற்காரரும் பேப்பர் கடைக்காரரும் ஆளுக்கொரு கட்சியைப் பிரித்துக்கொண்டு, வசனத்தை மனப்பாடம் செய்து ஒரு மணி நேரம் கத்திப் பார்த்தார்கள். ஒரு பொறி இல்லை. மனசார நம்புகிற கருத்துக்கு மட்டும்தான் அது மசிந்தது.

மின்சார அலுவலகத்திலிருந்து ஒரு அதிகாரி மீட்டரோடு வந்தார். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். தன்னைப் பொறுத்தவரை கம்ப்யூட்டர் வந்த பிறகுதான் அலுவலகத்தில் ஒரு வேலை மூன்று வேலையானது என்று அடக்கமாகச் சொன்னார். மீட்டரின் முள் ஒடிந்தது. ‘இணைப்பில் குறை ஏதும் இல்லை’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனவர், அதற்குப் பிறகு வாரம் ஒருமுறை சும்மா வந்து உட்கார்ந்துவிட்டுப் போனார். டிரான்ஸ்ஃபார்மரைச் சரிசெய்த பிறகும் தெருவில் யாரும் பழைய கரண்டை அவ்வளவாக மதிக்கவில்லை. வாக்குவாதக் கரண்டின் வெளிச்சத்தில் எழுத்துகள் தெளிவாகத் தெரிந்தன, மாவு சீக்கிரம் பொங்கியது.

அடுத்த மழைக்காலத்தில் வானம் பொத்துக்கொண்டு ஊற்றியது. ஆறு ஊருக்குள் வந்தது. பாலம் முங்கியது, மின்கம்பங்கள் சரிந்தன, ஊர் முழுக்க இருட்டு. அந்த நேரம் பார்த்து ஒரிஜினலின் மனைவிக்கு, கல்யாணமாகி இத்தனை வருடம் கழித்துத் தரித்த கர்ப்பத்தில், நாள் நிறைவதற்கு வெகு முன்பே வலி கண்டது. கடையை ஒட்டியிருந்த கிளினிக்கில் பெண் குழந்தை பிறந்தது. அழக்கூடத் தெம்பில்லாத, ஒரு உள்ளங்கையிலிருந்து மறு உள்ளங்கைக்கு மாற்றவே பயப்படும்படியான குழந்தை. சூடு காக்கும் கண்ணாடிப் பெட்டியான இன்குபேட்டருக்குள் வைத்தார்கள். சாயங்காலத்துக்குள் ஜெனரேட்டரில் டீசல் தீர்ந்தது. டாக்டரம்மா புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, வயர்ச் சுருளோடு முழங்கால் தண்ணீரில் கடைக்கு வந்து நின்றார்.

“உங்க சண்டை எத்தனை நாள் தாங்கும்?”

“எங்க கல்யாணத்துலேர்ந்து நடக்குது டாக்டர்,” என்றார் திருப்புளி. “இன்னும் பாதிகூட முடியல.”

வயர் இழுக்கப்பட்டது. சண்டை தொடங்கியது. அப்படி ஒரு சண்டையைத் தெரு அதுவரை கண்டதில்லை. லைசென்ஸ், வைரஸ், டிரைவர், ஃபான்ட், பிரிண்டர் என்று ஒன்று விடாமல் பிய்த்து மேய்ந்தார்கள். பால்கனிகளில் ஜனம் குடை பிடித்து நின்று கேட்டது. இன்குபேட்டர் ஒரு அம்மாவின் மடிபோல இளஞ்சூட்டில் நின்றது. சமாதானம் இருவருக்கும் வெந்நீர் ஊற்றிக் கொடுத்துக்கொண்டு, வாழ்க்கையில் முதன்முறையாக, யாரையும் சமாதானப்படுத்தாமல் வாயை இறுக மூடிக்கொண்டிருந்தாள். இவளுக்கும் திருப்புளிக்கும் பிள்ளை இல்லை. அந்த வீட்டுக்கும் இந்த வீட்டுக்கும் சேர்த்து வந்திருப்பது அந்த ஒன்றுதான்.

மறுநாள் காலை ஒரிஜினல் வழியெல்லாம் பதிலுக்குப் பதில் கத்திக்கொண்டே கிளினிக்குக்குப் போய்க் கண்ணாடிக்கு வெளியே நின்று மகளைப் பார்த்துவிட்டு வந்தார். அங்கேதான் வினை. அவர் வரும்போது திருப்புளி, இரவெல்லாம் தூங்காத கண்ணோடு, தண்ணீரில் நின்று வயரை உயரத் தூக்கிக் கட்டிக்கொண்டிருந்தார். ஒரிஜினல் அதைப் பார்த்தார். அவருடைய மனசு அப்படியே உருகிவிட்டது.

“மாப்ள, நீ சொன்னதுதான் சரி,” என்றார் தழுதழுத்து. “எல்லாத்துலயும் நீ சொன்னதுதான் சரி.”

டியூப்லைட் பழுப்பாகியது. திருப்புளிக்குத் தூக்கிவாரிப்போட்டது. “மச்சான், என்ன பேசறீங்க? விண்டோஸ் ஒரு குப்பை. கேக்குதா? குப்பை.”

“ஆமா மாப்ள. குப்பைதான்.”

இன்னும் மங்கியது. திருப்புளி சட்டென்று கட்சி மாறி, விண்டோஸைப்போல உண்டா, லினக்ஸ் வெறும் வெட்டிவேலை என்று கத்திப் பார்த்தார். வாய் கத்தியது, கரண்ட் வரவில்லை. கத்தக் கத்த அவருக்கும் மனசு இளகிவிட்டது. மச்சானின் கையைப் பிடித்துக்கொண்டு, “உங்க பக்கமும் நியாயம் இருந்துச்சு மச்சான், நாந்தான் ஒத்துக்கல” என்று உண்மையாகவே சொல்லிவிட்டார். மின்விசிறி நின்றது. சுவருக்கு அந்தப் பக்கம் இன்குபேட்டரின் எச்சரிக்கை மணி அடிக்கத் தொடங்கியது. “சூடு இறங்குது, யாராவது ஏதாவது பேசுங்க” என்று டாக்டரம்மா கூவினார். பால்கனியில் நின்றவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். தையற்காரர் கீபோர்டைப் பற்றி ஏதோ ஆரம்பித்துப் பாதியில் விட்டார். பயத்தில் யாருக்கும் கருத்தே வரவில்லை.

சமாதானம் வெந்நீர்ச் செம்பைக் கீழே வைத்தாள். அவளுக்குக் கருத்தே கிடையாது என்றுதான் எல்லோரும் நினைத்திருந்தார்கள். கிடந்தது. இத்தனை வருடமாக, ஒவ்வொரு ‘சரி விடுங்க’வுக்கும் அடியில் அமுங்கிக் கிடந்தது. அதைச் சொன்னால், புருஷனுக்கும் அண்ணனுக்கும் தெரியாமல் தான் செய்துவந்ததையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டியிருக்கும். அதற்குப் பிறகு இந்த வீட்டில் தன்னை யார் நம்புவார்கள் என்று பயந்தாள். மணி நிற்காமல் அடித்துக்கொண்டிருந்தது.

“ரெண்டு பேர் சொல்றதும் தப்பு,” என்றாள்.

டியூப்லைட்டின் இரண்டு நுனிகளும் சிவந்தன.

“எது நல்லது எது நல்லதுன்னு அடிச்சுக்கிறீங்களே, அதுக்கு முன்னால உக்காந்திருக்கிற மனுஷங்க மூஞ்சிய ஒரு நாளாவது பாத்திருக்கீங்களா? நான் பாக்கறேன். மிஷினைத் திறந்ததும் சொந்த வீட்டுல விருந்தாளி மாதிரி முழிக்கிறாங்க. எங்க இருந்தது எங்க போச்சுன்னு தெரியல. கை பழகினதை இடம் மாத்தினா அது பாவம். லினக்ஸ் மாத்தினாலும் பாவம், விண்டோஸ் மாத்தினாலும் பாவம். ஓடற மிஷினை ஓட விடணும். அப்டேட்டே வேணாம்.”

“அப்டேட்டே வேணாமா?” என்றார்கள் இருவரும் ஒரே குரலில். மின்விசிறி அரைச்சுற்று சுற்றியது.

“வேணாம். என்னங்க, நீங்க லினக்ஸ் போட்டுக் குடுத்த மிஷினை எல்லாம் நான் அப்படியே குடுத்ததில்ல. அவங்களை உக்கார வச்சு, முன்னாடி எது எங்க இருந்துதுன்னு கேட்டு, எல்லாத்தையும் பழையபடி வச்சுத்தான் குடுத்திருக்கேன். சில பேருக்கு விண்டோஸையே திருப்பிப் போட்டிருக்கேன்.”

திருப்புளியின் சட்டைப்பையிலிருந்து திருப்புளி தண்ணீரில் விழுந்தது. ஒரிஜினலின் முகத்தில் மெல்ல ஒரு சிரிப்பு அரும்பியது.

“சிரிக்காதீங்கண்ணா. உங்க லேப்டாப்புல அப்டேட்டை நிறுத்தி வச்சதே நாந்தான். மூணு வருஷமாச்சு. இன்னைக்கு வரைக்கும் உங்களுக்குத் தெரியல.”

“மூணு வருஷமா?” ஒரிஜினலின் குரல் கீச்சிட்டது. “செக்யூரிட்டி என்னாவறது? எவனாவது உள்ள பூந்திருந்தா?”

“யாரு பூந்தாங்க? காட்டுங்க.”

“அது இல்லம்மா விஷயம்,” என்று திருப்புளி குறுக்கே பாய்ந்தார். “பூட்டே போடாம தூங்கிட்டு, திருடன் வரலையேங்கறதா?”

“தினம் ஒரு பூட்டு மாத்தினா வீட்டுக்காரன் எப்படிங்க உள்ள போவான்?”

வெளிச்சம் வந்த வேகத்தில் எல்லோரும் கண்ணைப் பொத்திக்கொண்டார்கள். கடை ஜொலித்தது, கிளினிக் ஜொலித்தது, தெரு ஜொலித்தது. ரிப்பேருக்கு வந்து வரிசையில் கிடந்த செத்த லேப்டாப்கள் ஒன்றன்பின் ஒன்றாக எழுந்து நின்றன. அடுத்த தெருவுக்கும், அதற்கடுத்த தெருவுக்கும் வெளிச்சம் பாய்ந்தது. மூழ்கிய பாலத்தின் விளக்குகள் தண்ணீருக்கு அடியிலேயே எரிந்தன, மீன்கள் வந்து பார்த்தன. எச்சரிக்கை மணி நின்றது. சுவருக்கு அந்தப் பக்கமிருந்து, பிறந்ததிலிருந்து முதல் தடவையாக, குழந்தை நன்றாக வீறிட்டு அழுதது. அந்தச் சத்தத்தைக் கேட்டு மூவருக்கும் கண்ணில் நீர் வழிந்தது. ஆனால் ஒருத்தரும் ஒரு வார்த்தைகூட விட்டுக்கொடுக்கவில்லை.

மழை நிற்கும்வரை முறைவைத்துப் பேசினார்கள். ஒருவர் தூங்கினால் மற்ற இருவர் நடத்தினார்கள். பெற்றவள் கிளினிக் கட்டிலில் படுத்தபடியே, “எல்லாம் ஃபோன்லயே முடியுது, எதுக்கு இந்தக் கம்ப்யூட்டர் கண்றாவி?” என்று ஜன்னல் வழியாகச் சண்டைத் தீயில் ஒரு கட்டையை எடுத்துப் போட, ஆற்றின் அக்கரையிலும் விளக்கு வந்தது. தண்ணீர் வடிந்து, பாலம் எழுந்து, பழைய கரண்ட் தலைகாட்டியபோது குழந்தைக்குக் கன்னம் வைத்திருந்தது. டாக்டரம்மா அதைப் பெட்டியிலிருந்து எடுத்து முதலில் அத்தையின் கையில்தான் கொடுத்தார். திருப்புளி அப்போதும் முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் நின்றார். பிறகு எட்டிப் பார்த்து, “ஆனா அந்தத் தையற்காரர் லேப்டாப்புல விண்டோஸைத் திருப்பிப் போட்டது துரோகம்” என்றார். “கை பழகினவருங்க அவரு” என்றாள் சமாதானம். சமாதானம் என்ற பெயர் அந்த வருடத்தோடு வழக்கொழிந்தது. அவளுக்கு இப்போது எல்லாவற்றிலும் கருத்து உண்டு. அதில் அவளுக்கு இருக்கும் சந்தோஷம் கொஞ்சநஞ்சமல்ல.

குழந்தை வளர்ந்து பள்ளிக்கூடம் போகிறது. ஒரு குறையும் இல்லை. அத்தை வீட்டில் படுக்கும் இரவுகளில், வீடு அமைதியாக இருந்தால் மட்டும் தூக்கம் வராது. எல்லோரும் ஒருவர் சொன்னதற்கு ஒருவர் தலையாட்டிக்கொண்டிருக்கும் நாட்களில் அவள் புரண்டு புரண்டு படுப்பாள், கைகால் சில்லிட்டுப் போகும். பிறகு எழுந்து வந்து, “அத்தை, என் டேப்லெட்டுல மாமா அப்டேட் போட்டுட்டாரு” என்று ஒரு வார்த்தை சொல்வாள். அத்தை திரும்பி மாமாவைப் பார்ப்பாள். மாமா தொண்டையைச் செருமிக்கொள்வார். எதிர்வீட்டுக்காரர் மின்விசிறியை ஒரு எண் கூட்டி வைத்துக்கொள்வார். பெண் அங்கேயே, இருவருக்கும் நடுவில் பெஞ்சில் சுருண்டு, முதல் பதில் முடிவதற்குள் தூங்கிவிடுவாள்.