கல்லீரலில் குடியேறியவை

கொல்லிமலையின் குண்டனி நாட்டில் மிளகு வைக்கிற யாரும் அப்பாசாமியின் வாயில் மாட்டாமல் தப்பியதில்லை. "மொத வருசம் பூத்தா கிள்ளி எறிஞ்சறோணும் சாமி. காய்க்க உட்டா கொடி போயிரும். ஆசப்படக் கூடாது" என்று வழியில் போகிறவரையும் நிறுத்திச் சொல்வான். அப்படிச் சொன்னவன் பண்ணிய காரியத்தை இப்போது அவனே ஊருக்கெல்லாம் சொல்லிச் சிரிக்கிறான். மற்றவர்கள் சிரிப்பதற்குள் தானே சிரித்துவிடுவது நல்லதுதானே.

அவனுக்கு வருசக்கணக்காக வயிற்றுவலி. மேல்வயிற்றில் பிடித்தால் முதுகு வரைக்கும் துளைத்துக்கொண்டு போகும். முழங்காலைக் கட்டிக்கொண்டு சுருண்டு கிடப்பான். ஊர் இதற்குக் குடிதான் காரணம் என்று முடிவு கட்டிவிட்டது. சாராயத்தை அவன் மோந்துகூடப் பார்த்ததில்லை. இதை மனைவி தேன்மொழியின் அண்ணன் ராஜாமணியிடம் சொன்னால், "எல்லாக் குடிகாரனும் இதயேதான் சொல்றான் மாப்ள" என்பான். பெரக்கரை நாட்டில் மாமனார் வீட்டு விசேஷம் என்றால் எல்லாரும் பந்தியில் உட்கார்ந்து கறி தின்பார்கள். மாப்பிள்ளை மட்டும் ஓரமாக ஒரு தம்ளர் கஞ்சியை வைத்துக்கொண்டு அதையும் பயந்து பயந்து குடிப்பான்.

கடைசியில் மலையிறங்கி ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். ஸ்கேனைப் பார்த்த டாக்டர் யமுனா, கணையம் முழுக்கக் கல்லாகிவிட்டது, குடிக்காதவர்களுக்கும் இது வரும் என்றார். அதை ஒரு அட்டையில் எழுதிக் கழுத்தில் மாட்டிக்கொள்ளலாமா என்று அப்பாசாமி நிஜமாகவே யோசித்தான்.

"கணையத்த மொத்தமா எடுத்துடுவோம். அதுல இருக்கற இன்சுலின் சுரக்கற செல்கள மட்டும் பிரிச்சு, ரத்தக்குழாய் வழியா உங்க கல்லீரல்ல கொண்டு போய் விடுவோம். அங்க பிடிச்சு வேலை செய்ய மாசக்கணக்காகும். அதுவரைக்கும் நீங்க இன்சுலின் ஊசி போட்டு அதுகளுக்கு ஓய்வு கொடுக்கணும். அவசரப்பட்டு வேலை வாங்கினா செத்துடும். போனா போனதுதான், திரும்ப வைக்க வேற செல் கிடையாது."

"எனக்கா சொல்றீங்க? நான் மிளகு வெக்கறவனுங்க" என்றான் அப்பாசாமி. டாக்டர் அதை நம்பிவிட்டார், பாவம்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. வீட்டுக்கு வந்து சில வாரங்களில் வலி போய்விட்டது. சாப்பாட்டோடு செரிமான மாத்திரை, சாப்பாட்டுக்கு முன்னால் தானே வயிற்றில் போட்டுக்கொள்ளும் ஊசி, அவ்வளவுதான். மெஷினில் சர்க்கரை பார்த்தால் அளவு கச்சிதமாக இருந்தது. ஆகவே செல்லெல்லாம் பிடித்துவிட்டது என்று அவன் தீர்மானித்தான். கச்சிதமாக இருந்ததே ஊசியால்தான் என்பது அவன் மண்டைக்கு எட்டவில்லை.

அந்தச் சமயம் பார்த்து ராஜாமணி மகளுக்குக் காதுகுத்து வந்தது. பந்தி போட்டார்கள். ஊசியை எடுக்கச் சட்டைப்பைக்குள் கைவிட்டவன், எதிரில் ராஜாமணி நிற்பதைப் பார்த்தான். சட்டையைத் தூக்கிக் குத்திக்கொண்டால், 'குடிச்ச கூத்துக்கு ஊசி' என்பான். கையை வெளியே எடுத்துவிட்டான். "ஏனுங்க, ஊசி?" என்று தேன்மொழி கண்ணைக் காட்டினாள். "நிறுத்திக்கலாம்னு டாக்டரம்மா போன்ல சொல்லீட்டாங்க புள்ள" என்று வாய் கூசாமல் பொய் சொன்னான்.

சாமைச் சோறு, கறிக்குழம்பு, பாயசம், தேனில் போட்ட பலாச்சுளை. எதுவுமே வலிக்கவில்லை. பந்தியில் உட்கார்ந்து சாப்பிடுகிற ஒரு சாதாரண மனுசனாக இருப்பதில் அவனுக்குக் கண்ணே கலங்கிவிட்டது. மறுநாளும் ஒன்றும் ஆகவில்லை. கெட்டது அங்கேதான். அதற்கப்புறம் ஊசிப் பக்கமும் மெஷின் பக்கமும் அவன் போகவில்லை. கிள்ள வேண்டிய பூவைக் காய்க்க விட்டுவிட்டு வேடிக்கை பார்த்தான், ஊருக்கு உபதேசம் பண்ணுகிற மகான்.

தாகம் எடுத்தது. குடம் குடமாகக் குடித்தான். வெயில் அப்படி என்றான். கொல்லிமலையில் மார்கழி மாசத்து வெயிலைக் குறை சொன்ன ஆள் அவன் ஒருத்தனாகத்தான் இருப்பான். பிறகு ஒருநாள் தோட்டத்திலேயே தலைசுற்றி விழுந்தான்.

ஆரம்ப சுகாதார நிலையத்தில் நர்ஸ் பிரிசில்லா சர்க்கரையைப் பார்த்துவிட்டு, "கடைசியா எப்ப ஊசி போட்டீங்க?" என்று கேட்டார். அப்பாசாமி தரையைப் பார்த்தான். தேன்மொழிக்கு எல்லாம் விளங்கிவிட்டது. அவள் திட்டியிருந்தால்கூட அவனுக்குத் தேவலை. அவள் போனை எடுத்து அண்ணனைக் கூப்பிட்டாள்.

ராஜாமணிதான் தன் பிக்கப் வண்டியில் ஏற்றிக் கீழே இறக்கினான். வளைவுக்கு வளைவு அப்பாசாமிக்கு ஒரே நினைப்பு. ஒழுங்காகக் குடியேறக்கூட விடாமல் அதுகளை வேலை வாங்கிக் கொன்றுவிட்டேனே. அன்றைக்கு மட்டும் அவனால் தன்னை நினைத்துச் சிரிக்க முடியவில்லை. ரொம்பப் பயந்திருந்தான்.

ஆஸ்பத்திரியில் சர்க்கரையை இறக்கினார்கள். செல்கள் உயிரோடு இருக்கின்றனவா என்று பார்க்க ரத்தம் எடுத்தார்கள். ரிசல்ட்டோடு டாக்டர் யமுனா வந்தார்.

"இருக்கு. ஆனா நிறைய போயிடுச்சு. பொறுத்திருந்தா ஊசியே வேண்டாம்னு ஆகியிருக்கலாம், ஆகாமலும் போயிருக்கலாம். இனிமே எப்பவும் கொஞ்சம் போடணும். மிச்சம் இருக்கறதையாவது காப்பாத்துங்க."

அப்பாசாமி தலையாட்டினான். இந்தத் தடவை மிளகைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

பக்கத்தில் நின்ற ராஜாமணி மெதுவாகக் கேட்டான். "டாக்டரம்மா, இதெல்லாம் குடியினாலதானுங்களே?"

"இல்லைங்க. இவருக்குக் குடி காரணமே இல்லை."

ராஜாமணி மருந்துச் சீட்டை வாங்கிக்கொண்டு வெளியே போனான்.

டிஸ்சார்ஜ் ஆகித் திரும்பும்போது மலையடிவாரத்துப் பேளுக்குறிச்சியில் சாப்பிட இறங்கினார்கள். சந்தை நாள், கடையில் நிற்க இடமில்லை. "கை கழுவற பக்கம் போயிப் போட்டுக்கறீங்களா?" என்று தேன்மொழி கேட்டாள். அப்பாசாமி பெஞ்சியிலேயே உட்கார்ந்து, எல்லாரும் பார்க்கச் சட்டையைத் தூக்கி ஊசியைக் குத்திக்கொண்டான். எதிர் பெஞ்சிக்காரர் சாப்பிடுவதையே நிறுத்திவிட்டார்.

ராஜாமணிதான் கேட்டான். "வலிக்குமா மாப்ள?"

"நீங்க பேசுன பேச்சுக்கு இது ஒண்ணுமே இல்லீங்க மச்சான்."

ராஜாமணிக்கு முகம் செத்துப்போயிற்று. சோற்று வாளியோடு பரிமாறுகிறவர் வந்ததும் கை நீட்டி மறித்தான்.

"எனக்கு இருக்கட்டுங்க. எங்க மாப்ளைக்கு மொதல்ல வையுங்க."

தேன்மொழி அந்தப் பக்கம் திரும்பிக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அப்பாசாமி மாத்திரையை வாயில் போட்டுக்கொண்டு சாப்பிட ஆரம்பித்தான்.